மீர்கேட் கூட்டத்தைக் காட்டில் பார்க்க: மதுரையிலிருந்து கிளம்புவோருக்கான வழிகாட்டி

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் கூட்டமாக வாழும் கீரி இனச் சிறு விலங்கு மீர்கேட். அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டில்தான் தொடங்குகிறார்கள். பிள்ளைகளுக்கு மே மாதம் விடுமுறை, டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது, உடனே பணம் கட்டிவிடுகிறார்கள். மதுரையில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் அந்த நாட்களில் மீர்கேட் வாழும் கலஹாரிப் பாலைவனத்தில் குளிர் இறங்கத் தொடங்கியிருக்கும். குட்டிகளைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு. மீர்கேட்டுகள் வளையை விட்டு வெளியே வரவும் நேரமாகும்.

இந்தப் பயணத்துக்கான தகவல் தமிழில் ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். முதலில் மீர்கேட்டின் நாட்காட்டியைப் பாருங்கள், அடுத்து இடத்தை முடிவு செய்யுங்கள், அதன்பின் ஆவணங்களைச் சேருங்கள். பெரிய தொகை கட்டுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மீர்கேட் இந்தியாவில் கிடையாது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, அங்கோலாவின் தென்மேற்கு ஓரம், இவைதான் அதன் இடங்கள். இந்தக் கட்டுரை தென்னாப்பிரிக்காவுக்கு மட்டுமானது.

அங்கே பருவங்கள் நமக்கு நேர்மாறு. ஜூன், ஜூலையில் கலஹாரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பகலில் 40 டிகிரியைத் தொடும், பிற்பகலில் இடிமழை வரும். பெரும்பாலான குட்டிகள் மழையும் வெயிலும் சேர்ந்த அக்டோபர் முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில்தான் பிறக்கின்றன. பிறந்த குட்டி ஏறத்தாழ மூன்று வாரம் வளைக்குள்ளேயே இருக்கும். பிறகு வாசலுக்கு வரும். ஒரு மாதம் ஆனதும் பெரியவற்றோடு இரை தேடக் கிளம்பும்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நம் காலாண்டு விடுமுறை நல்ல நேரம். குளிர் விலகியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. பள்ளிக் கட்டுப்பாடு இல்லாதவர்கள் பொங்கல் முடிந்து கிளம்பலாம். வெயில் கடுமைதான், ஆனால் குட்டிகளைப் பார்க்க அதைவிட ஏற்ற காலம் இல்லை. அரையாண்டு விடுமுறையைத் தவிருங்கள். அப்போது அந்த ஊர்க்காரர்களுக்கும் நீண்ட விடுமுறை. தங்குமிடங்கள் முன்பே நிரம்பியிருக்கும், விலையும் ஏறியிருக்கும்.

2. இடத்தை முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் உண்டு. உங்கள் பணத்தையும் பொறுமையையும் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள்.

அவுட்சூர்ன்: ஜார்ஜ் விமான நிலையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். லிட்டில் கரூ என்னும் வறண்ட சமவெளியில் மனிதர்களுக்குப் பழகிய காட்டு மீர்கேட் கூட்டங்களை விடியற்காலையில் அழைத்துப்போய்க் காட்டும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். இவை வளர்ப்புப் பிராணிகள் அல்ல. மனிதர் சற்றுத் தள்ளி அமர்ந்திருந்தால் பொருட்படுத்தாமல் தம் வேலையைப் பார்க்கும், அவ்வளவுதான். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான். செலவு கட்டுக்குள் நிற்கும், சமூக வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்கலாம். சிறுவர்களுக்கு வயது வரம்பு இருக்கக்கூடும் என்பதால் பதிவு செய்யுமுன் கேட்டுவிடுங்கள்.

கலகாடி எல்லை கடந்த தேசியப் பூங்கா: இது கலஹாரியில் இருக்கிறது. உப்பிங்டன் விமான நிலையத்திலிருந்து பூங்காவின் ட்வீ ரிவியரன் வாசலுக்குச் சுமார் 260 கிலோமீட்டர். நாமே கார் ஓட்டிச் சுற்ற வேண்டும். முகாம்களையும் குறிக்கப்பட்ட இடங்களையும் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது. மீர்கேட்டைப் பார்ப்பது அதிர்ஷ்டம், ஆனால் சிங்கம் முதல் கழுகு வரை எல்லாம் சேர்ந்த காட்டில் அதைப் பார்க்கலாம். நான்கு பேர் காரைப் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஆகும் செலவு நன்றாகக் குறையும்.

தனியார் காப்பகங்கள்: கலஹாரியில் ஸ்வாலு போன்றவை. பழகிய கூட்டங்களோடு வழிகாட்டி அழைத்துப்போவார். ஒரு நாள் வாடகையே பலருக்கு எட்டாத தொகை.

வான் ஜில்ஸ்ரஸ் ஊருக்கு அருகே குருமன் ஆற்றுக் காப்பகத்தில் 1993இல் விலங்கியலாளர் டிம் கிளட்டன்-பிராக் தொடங்கிய நீண்டகால ஆய்வு நடக்கிறது. மீர்கேட்டின் சமூக வாழ்க்கையைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தது. அது ஆராய்ச்சிக் களம். சுற்றுலாத் தலமாக நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: மீர்கேட்டைக் கையில் தூக்கிப் படம் எடுக்கலாம் என்று அழைக்கும் இடங்களுக்குப் போகாதீர்கள். மீர்கேட் கூட்டமாக மட்டுமே வாழத் தெரிந்த விலங்கு. கூட்டத்திலிருந்து பிரித்து வளர்த்த ஒன்றைத் திரும்பக் காட்டில் விட்டால், அங்குள்ள கூட்டம் அதை அந்நியமாகக் கருதித் துரத்தும். கொன்றுவிடவும் கூடும்.

3. மதுரையிலேயே கண்ணைப் பழக்குங்கள்

பைசா செலவில்லாத படி இது. பலர் தாண்டிவிடுகிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பழகாத கண்ணுக்கு மீர்கேட் கூட்டம் வெறும் ஓட்டமும் தோண்டலுமாகத்தான் தெரியும். யார் காவல், யார் தலைமை என்பதெல்லாம் பிடிபடாது. வளைமுன் உங்களுக்குக் கிடைப்பதோ சில மணி நேரம்தான்.

நம் ஊர்த் தவிட்டுக்குருவி இதற்கு நல்ல ஆசான். அழகர்கோவில் அடிவாரம், நாகமலை ஓரம், அரிட்டாபட்டிப் பாறைகளைச் சுற்றிய தோப்புகள், எங்கே வேப்பமரமும் சருகும் உண்டோ அங்கே இருக்கும். காலையில் போய் ஓரமாக உட்காருங்கள். கூட்டம் தரையில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும்போது ஒன்று மட்டும் மேலே கிளையில் இருக்கும். அதன் வெளிர் நிறக் கண் இரையைத் தேடாது, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே இருக்கும். வல்லூறு தலைகாட்டினால் அதன் குரல்தான் முதலில் எழும். கொஞ்ச நேரத்தில் அது இறங்க, வேறொன்று ஏறும். ஒரே கூட்டில் உள்ள குஞ்சுகளுக்குப் பெற்றோர் அல்லாதவையும் இரை கொண்டுவந்து ஊட்டும். காவல் மாறும் நேரத்தையும் எச்சரிக்கைக் குரலுக்கு மற்றவை என்ன செய்கின்றன என்பதையும் ஒரு நோட்டில் குறித்துப் பழகுங்கள். இதே பழக்கம் வளைமுன் கைகொடுக்கும்.

கீரியையும் கவனியுங்கள். மீர்கேட்டும் கீரிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் நம் கீரி பெரும்பாலும் தனியாகத் திரியும். ஒரே குடும்பத்தில் ஒன்று தனிக்காட்டு ராஜாவாகவும் இன்னொன்று கூட்டம் இல்லாமல் பிழைக்க முடியாததாகவும் இருப்பதை மனதில் வைத்துக்கொண்டு போனால், அங்கே பார்ப்பதன் அருமை புரியும்.

4. பாஸ்போர்ட்

குறைந்தது இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகு ஆறு மாதமாவது செல்லுபடியாகும்படி வைத்துக்கொள்வது பாதுகாப்பு. புதிதாக எடுப்பவர்களுக்கு மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகம்தான். முன்பதிவை இணையத்தில் செய்ய வேண்டும். 36 பக்க பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000 ரூபாய். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் தட்கல் தேவைப்படாது.

நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், வங்கிக் கணக்கில் ஒற்றை எழுத்தாக இருக்கும், பான் அட்டையில் வேறு விதமாக இருக்கும். விசா விண்ணப்பத்தில் இந்த வேறுபாடு கேள்வியாக எழும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வங்கிக் கணக்கிலும் பெயரை மாற்றி வாங்குங்கள். டிக்கெட்டிலும் அதே வரிசை, அதே எழுத்துகள்.

5. விசா

தென்னாப்பிரிக்க விசா விதிகள் இப்போது அடிக்கடி மாறுகின்றன. சுற்றுலாக் குழுவாகச் செல்லும் இந்தியர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற பயண நிறுவனங்கள் வழியாக விண்ணப்பிக்கும் திட்டம் 2025இல் வந்தது. அதனால் அந்நாட்டு உள்துறையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தை முதலில் பார்த்துவிட்டு, பழைய பட்டியல்களைத் தூக்கிப்போடுங்கள். தனியாகப் போகிறவர்கள் சென்னையில் உள்ள விண்ணப்ப மையத்துக்குச் செல்ல நேர்ந்தால், பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கிக்கொள்ளலாம். காலை நேர முன்பதிவாகக் கேளுங்கள், அன்றிரவே திரும்பிவிடலாம்.

கோப்பில் வைக்க வேண்டியவை: விண்ணப்பம், புகைப்படங்கள், வங்கி முத்திரையோடு கடைசி மூன்று மாதக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் நகல், வேலை செய்பவர்களுக்கு விடுப்புக் கடிதம், தொழில் செய்பவர்களுக்குப் பதிவுச் சான்று, போய்வரும் பயண விவரம், தங்குமிட முன்பதிவு, நாள்வாரியான திட்டம். விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு கடன் வாங்கிக் கணக்கில் பெரிய தொகை போடாதீர்கள். திடீரென்று ஏறிய தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் தேவை. பலரிடம் குழந்தையின் பெயரே சேர்க்கப்படாத சான்றிதழ்தான் இருக்கும். அதை முதல் வாரத்திலேயே எடுத்துப் பாருங்கள். பெயர் சேர்த்துப் புதிதாக வாங்க மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ நேரம் பிடிக்கும். பெற்றோரில் ஒருவர் மட்டும் கூடப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத எதையும் வாங்காதீர்கள். தங்குமிடத்தை ரத்து செய்யக்கூடிய வகையில் பதிவு செய்யலாம், டிக்கெட்டைத் தற்காலிகப் பதிவாகக் காட்டலாம்.

6. விமானமும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும்

மதுரையிலிருந்து வளைகுடாவுக்கு விமானம் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குத் தனி டிக்கெட் எடுத்தால், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைப்பது, முதல் விமானம் தாமதமானால் அடுத்ததை இழப்பது என எல்லாம் உங்கள் பொறுப்பு. சென்னையிலிருந்து ஒரே டிக்கெட்டாக எடுப்பது நிம்மதி.

மலிவான டிக்கெட்டுகள் பல அடிஸ் அபாபா, நைரோபி வழியாக இருக்கும். எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள். அந்த வழியாக இந்தியா திரும்பும்போது தடுப்பூசிச் சான்றிதழ் இல்லையென்றால், ஆறு நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் நம் சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம், நாளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். விசா வேலையாகச் சென்னை போகும் அன்றே இதையும் முடிக்கப் பாருங்கள். வளைகுடா வழியாக மட்டும் போய்வந்தால் இந்த ஊசி தேவையில்லை.

7. கார்

தென்னாப்பிரிக்காவில் நம்மைப் போலவே சாலையின் இடப்புறம் ஓட்டுகிறார்கள், அது பெரிய வசதி. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்குங்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். விசா நகலும் கேட்கக்கூடும் என்பதால் இதை விசாவுக்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

வாடகைக் காருக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். முன்பணமாகக் கணிசமான தொகையை அதில் நிறுத்திவைப்பார்கள். டயருக்கும் கண்ணாடிக்கும் தனிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள், சரளைச் சாலையில் முதலில் அடிபடுபவை அவைதான்.

8. பை

ஸ்வெட்டர், குல்லா, காதை மூடும் துணி. கோடையில் போனாலும் விடியற்காலைக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும். ஆடைகள் மண் நிறத்தில் இருக்கட்டும். 8 மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் போதும். அங்குள்ள சுவர்ப் பிளக் பாயிண்டுகளில் பெரும்பாலானவை, நாம் பிரிட்ஜுக்கும் ஏசிக்கும் பயன்படுத்தும் தடித்த மூன்று முள் பிளக்கை ஏற்கும். 5 ஆம்பியரிலிருந்து 15 ஆம்பியருக்கு மாற்றும் அடாப்டரை மதுரையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பழம், விதை, பால் பொருட்களைக் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் பறிமுதலாகும்.

9. வளைமுன் காலை

சூரியன் எழுமுன் அங்கே இருக்க வேண்டும். ஒரு கூட்டத்துக்குப் பல வளைகள் உண்டு, சில நாளுக்கொருமுறை மாறித் தூங்கும். அதனால் முந்தின மாலை எந்த வளைக்குள் போயின என்று வழிகாட்டி பார்த்துவைத்திருப்பார். மேகமூட்டமாகவோ மழையாகவோ இருந்தால் அவை வெளியே வராமலும் போகலாம். ஆகவே ஒரே இடத்தில் இரண்டு காலைகளாவது ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

உங்கள் நிழல் வளையின் மேல் விழக் கூடாது. எழுந்து நிற்காதீர்கள், விலங்குக்கும் வளைக்கும் நடுவே போகாதீர்கள், உணவு கொடுக்காதீர்கள்.

முதலில் ஒரு தலை. கண்ணைச் சுற்றிக் கருவளையம், கூர்மூக்கு. வானத்தையும் தரையையும் அளந்துவிட்டு ஒன்று மேலே வந்து பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும், வாலை முட்டுக்கொடுத்திருக்கும். வயிற்றில் முடி மெலிந்து கறுத்த தோல் தெரியும். அந்த வயிற்றைச் சூரியனுக்குக் காட்டித்தான் இரவுக் குளிரைப் போக்கிக்கொள்கிறது. பிறகு ஒவ்வொன்றாக வரும். ஒரு கிலோகூடத் தேறாத உடல்கள் வரிசையாக நின்று வெயில் காயும்.

இந்த நேரத்தில் தலைவியைக் கண்டுபிடிக்கப் பாருங்கள். மற்றவை யாருக்கு முன் உடலைத் தாழ்த்துகின்றன, யாருடைய முடியைக் கோதிவிடுகின்றன என்று கவனித்தால் தெரிந்துவிடும். கூட்டத்தின் பெரும்பாலான குட்டிகள் அவளுடையவை. பிரசவம் நெருங்கும்போது மற்ற வளர்ந்த பெண்களைக் கடித்துத் துரத்துவாள், அவர்கள் ஈன்ற குட்டிகளைக் கொல்லவும் செய்வாள். துரத்தப்பட்டவற்றில் சில பிறகு திரும்பி வந்து, அவள் குட்டிகளுக்கே பால் கொடுக்கும். இந்தக் கொடுமையும் ஒத்துழைப்பும் ஒரே வீட்டில் இருப்பதை ஏற்றுக்கொண்டு பாருங்கள். மீர்கேட் என்றால் கொஞ்சல் என்று மட்டும் எண்ணிப் போகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

கூட்டம் கிளம்பும்போது எண்ணுங்கள். ஒன்றிரண்டு தங்கிவிட்டால் உள்ளே குட்டிகள் இருக்கின்றன. தங்கியவை பகல் முழுக்கப் பட்டினி கிடந்து காவல் காக்கும், அதனால் அன்று எடை குறையும். அடுத்த நாள் பெரும்பாலும் வேறொன்று தங்கும்.

இரை தேடும்போது மண்ணைக் கிளறியபடியே மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருக்கும். ஒன்று புதர்மேலோ மேட்டிலோ ஏறிக் காவல் நிற்கும். பெரும்பாலும் வயிறு நிறைந்த ஒன்றுதான் ஏறும். சத்தம் கழுகுக்கு வேறு, நரிக்கு வேறு. கழுகு என்றால் மேலே பார்த்துக்கொண்டே பொந்துக்கு ஓடும். பாம்பு என்றால் ஓடாமல் கூடிச் சுற்றிவளைக்கும், வால்கள் விறைத்து நிற்கும்.

குட்டிகள் கூட வந்தால் உங்கள் கண் அவற்றை விட்டு நகர வேண்டாம். பெரியது தேளைப் பிடித்ததும் என்ன செய்கிறது என்று பாருங்கள். மிகச் சிறிய குட்டிக்குக் கொன்று கொடுக்கும், கொஞ்சம் வளர்ந்ததற்குக் கொடுக்கை மட்டும் கடித்து எடுத்து உயிரோடு கொடுக்கும், இன்னும் வளர்ந்ததற்கு அப்படியே விடும். குட்டி தவறவிட்டால் தேளை மூக்கால் தள்ளித் திரும்ப அதன் பக்கமே நகர்த்தும். காட்டு விலங்குகள் கற்றுக்கொடுப்பதற்குத் தெளிவான சான்றாக 2006இல் வெளியான ஆய்வு இதைத்தான் காட்டியது.

பக்கத்துக் கிளையில் கரிச்சான் போன்ற பறவை இருந்தால் அதையும் கவனியுங்கள். நம் வயல்களில் மாட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு உறவுதான். உண்மையான ஆபத்துக்கும் குரல் கொடுக்கும். மீர்கேட் நல்ல இரையைத் தோண்டியெடுத்த நேரம் பார்த்துப் பொய்யாகவும் குரல் கொடுக்கும். மீர்கேட் இரையைப் போட்டுவிட்டு ஓட, இது இறங்கி எடுத்துக்கொள்ளும்.

கலகாடியில் காரிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தரை அணிலும் மஞ்சள் கீரியும் சில சமயம் மீர்கேட்டோடு ஒரே வளையில் இருக்கும். புதியவர்கள் அணிலைப் படம் எடுத்து மீர்கேட் என்று வைத்துக்கொள்கிறார்கள். வாலைப் பாருங்கள். அடர்ந்த முடியோடு குடைபோல முதுகின்மேல் வளைந்தால் அணில், நுனி வெள்ளையாக இருந்தால் மஞ்சள் கீரி, மெலிந்து கூம்பி நுனி கறுத்திருந்தால் மீர்கேட்.

10. திரும்பிய பிறகு

இந்தியப் பயண நிறுவனம் வழியாகச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கியிருந்தால் டிசிஎஸ் என்று, பணம் வாங்கும்போதே வசூலிக்கும் வரியாக ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று படிவம் 26ஏஎஸ்ஸில் பார்த்து, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள் அல்லது திரும்பப் பெறுங்கள். வாடகைக் காருக்காக நிறுத்திவைத்த முன்பணம் விடுவிக்கப்பட்டதா என்று கார்டு கணக்கைச் சில வாரம் கவனியுங்கள். சாலை அபராதம் ஏதும் இருந்தால் நிர்வாகக் கட்டணத்தோடு அதே கார்டில்தான் வரும். அதுவரை வாடகை ஒப்பந்தத்தையும், காரை ஒப்படைத்தபோது எடுத்த படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.